ரேஸ்கோர்ஸில் கிடைத்த நெய்ச்சட்டி வாசம்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. பொழுதோட ஆறு மணி இருக்கும். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இரண்டாவது சுற்று முடிக்கும்போது தூறல் விழ ஆரம்பித்தது. குடை இல்லை. நானும் மகளும் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கஃபேக்குள் ஓடி ஒதுங்கினோம். உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டியில் குக்கீகள் கண்ணில் பட்டன. உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம், மேலே உப்புப் பரல் நாலைந்து. ஒன்று 180 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்குப் பால் வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்கு ஓடியது. ஆனால் மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள். சரி, ஒன்று வாங்கிப் பாதி பாதி தின்போம் என்று சொன்னேன்.

சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார்கள். பிட்டபோது ஓரம் மொறுக்கென்று உடைந்தது, நடுப்பகுதி களி மாதிரி நெகிழ்ந்து இழுத்தது. சாக்லேட் உருகி விரலில் ஒட்டியது. வாயில் போட்டதும் முதலில் உப்பு, அப்புறம் கசப்பும் இனிப்பும், எல்லாம் அடங்கிய பிறகு கடைசியில் ஒரு வாசம் வந்தது. வறுத்த வாசம், பால் வாசம், கொஞ்சம் கடலை வறுத்த மாதிரியும் இருந்தது. இதை நான் எங்கேயோ தின்றிருக்கிறேன் என்று அந்த நொடியே தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ராத்திரி படுத்த பிறகு சட்டென்று பிடிபட்டது. அது அம்மிச்சியின், என் அம்மாவைப் பெற்றவளின், நெய்ச்சட்டி.

கோபிக்குப் பக்கத்தில் எங்கள் அப்புச்சி வீட்டில் இரண்டு எருமை இருந்தது. அம்மிச்சி தினமும் விடியக்காலை தயிர் கடைவாள். எடுத்த வெண்ணெயை உருட்டித் தண்ணீர்ப் பானையில் போட்டு வைப்பாள். வாரம் ஒருமுறை, எட்டு நாள் வெண்ணெய் சேர்ந்ததும், அடிகனமான வெண்கலச் சட்டியில் போட்டு உருக்குவாள். நாங்கள் நாலு பேரப்பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். முதலில் சடசடவென்று சத்தம் வரும். வெண்ணெயில் இருக்கிற தண்ணீர் கொதித்து வெளியேறுகிற சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி நுரை மேலே வரும். அம்மிச்சி பேச்சை நிறுத்திவிட்டு சட்டியையே பார்ப்பாள். "சித்த இருங்க சாமீ, இப்பத்தான் பதம் வருது" என்பாள். ஒரு கொத்து முருங்கைக்கீரையை உருவிப் போடுவாள், அது பொரியும். நெய்யை வடித்துத் தூக்கில் ஊற்றிய பிறகு சட்டி அடியில் பழுப்பு நிறத்தில் கசடு ஒட்டியிருக்கும். அந்தச் சூட்டிலேயே ஒரு கை நாட்டுச்சர்க்கரையைப் போட்டுச் சுரண்டி உருட்டி, ஆளுக்கு ஒரு உருண்டை உள்ளங்கையில் வைப்பாள். நெய் வீட்டுக்கு, கசடு பிள்ளைகளுக்கு. அதுதான் கணக்கு.

முப்பது வருடம் கழித்து, கோயமுத்தூரில் ஒரு கஃபேயில், 180 ரூபாய் கொடுத்து அதே ருசியைத் தின்றிருக்கிறேன். மறுநாளே திரும்பப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். "தம்பி, இந்தக் குக்கீக்கு வெண்ணெயை என்னங்க பண்றீங்க?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து சமைக்கிற பையனே வந்தான். "பிரவுன் பட்டருங்கக்கா. பட்டர உருக்கி, அடியில செவக்கற வரைக்கும் காச்சி, அந்தச் செவந்ததையும் வடிக்காம அப்படியே மாவுல போட்டுருவோங்க" என்றான். அம்மிச்சி எங்களுக்கென்று ஒதுக்கி வைத்த கசடை இவர்கள் மாவுக்குள்ளேயே சேர்த்துவிடுகிறார்கள்.

எதற்காக இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வெளியே சாப்பிடுவது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 16 வருடம் ஆகிறது. நாக்கு தெரிந்துகொண்டது பாதிக்கு மேல் இந்த ஊர்க் கடைகளில்தான்.

வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அன்னபூர்ணா. 1968-ல் தொடங்கிய கடை, கோயமுத்தூர்க்காரர்களுக்கு அது ஒரு அளவுகோல் மாதிரி. வேறு ஊரில் சாம்பார் ஊற்றினால், "அன்னபூர்ணா சாம்பார் மாதிரி வருமா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்தச் சாம்பாரில் மூழ்கிய இட்லியைக் கரண்டியால் வெட்டித் தின்னும்போது, தனியா வாசமும் லேசான தித்திப்பும் ஒன்றாக வரும். நான் வீட்டில் பல நாள் முயன்று பார்த்தேன். பருப்பைக் குறைத்து, தனியாவைத் தேங்காயோடு வறுத்து அரைத்தபோதுதான் கொஞ்சம் பக்கத்தில் போக முடிந்தது. ஒரு கடையில் தின்றதை வீட்டில் செய்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கம் "பேக்கரிக்குப் போலாமா?" என்று கேட்டால் டீ குடிக்கப் போகலாமா என்று அர்த்தம். ஒவ்வொரு முக்கிலும் ஒரு பேக்கரி. முன்னால் டீ மாஸ்டர், பின்னால் கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன், பப்ஸ், நெய் பிஸ்கட், முந்திரி பிஸ்கட், வர்க்கி. காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். மில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர், கறிகாய் மார்க்கெட்டுக்குப் போகிறவர், நடைப்பயிற்சி முடித்தவர் எல்லாரும் ஒரே மேடையில் நின்று டீயில் பிஸ்கட்டைத் தோய்ப்பார்கள். நெய் பிஸ்கட்டை வாயில் வைத்தால் பொடிந்து மணல் மாதிரி விழும். இதற்கும் அந்தக் கஃபே குக்கீக்கும் என்ன உறவு என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது, சொல்கிறேன்.

காளானைப் பற்றிச் சொல்லாமல் கோயமுத்தூர்ச் சாப்பாட்டைப் பேச முடியாது. பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டியில் பெரிய தோசைக்கல் சூடாகும். முட்டைக்கோசும் காளானும் மாவில் புரட்டிப் பொரித்த துண்டுகள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருக்கும். அதைக் கல்லில் மசாலாக் குழம்போடு கொத்திக் கொத்திக் கொதிக்க விட்டு, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, சின்னத் தட்டில் போட்டுத் தருவார்கள். கொதிக்கக் கொதிக்கத் தின்ன வேண்டும். ஆறினால் கூழ். காந்திபுரத்தில் ஒரு வண்டிக்காரர் பொரித்ததைக் குழம்பில் போட்ட அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார், அதனால் உள்ளே இன்னும் மொறுமொறுப்பு மிஞ்சியிருக்கும். மற்ற வண்டியில் அது இருக்காது. எடுக்கும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவரிடம் தெரிந்துகொண்டேன். குக்கீ சுடும்போது அது அப்படியே கை கொடுத்தது.

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பள்ளிபாளையத்துப் பேரைச் சொல்லி எல்லா ஊரிலும் சிக்கன் போடுகிறார்கள். நல்ல கடை என்றால் அதில் மசாலாப் பொடியே இருக்கக் கூடாது. சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். சாய்பாபா காலனியில் ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தகை போடுகிறார்கள். அரிசியை அரைத்து வேகவைத்து, சூடு குறைவதற்குள் பிழிந்து, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வீட்டில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் மட்டும் செய்கிற பலகாரம், இப்போது வாரம் மூன்று நாள் இலையில் கிடைக்கிறது. எனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம். உக்கடம், கோட்டைமேடு பக்கம் பிரியாணிக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

இத்தனை கடைகளிலும் நான் பார்த்தது ஒன்றுதான். பட்டியல் நீளமாக இருக்கிற கடையில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஒரு பொருளைச் சரியாகப் பிடித்து, அதை ஒழுங்காகச் செய்கிற கடையில்தான் நாக்கு நிற்கிறது. அந்தக் கஃபே குக்கீயிலும் அந்த ஒரு பொருள் வெண்ணெய்.

வெண்ணெய் என்றால் எங்களுக்கு ஊத்துக்குளி. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர், வெண்ணெய்க்கும் நெய்க்கும் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் முட்டை புழங்காது, அத்தை கண்டிப்பு. ஐப்பசி பிறந்துவிட்டதால் தடை இல்லை. அடுத்த ஞாயிறே ஊத்துக்குளிக்குப் போய் ஒரு கிலோ வெண்ணெய் வாங்கி வந்தேன். வெள்ளை வெண்ணெய், உப்புப் போடாதது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் தயிரின் மெல்லிய புளிப்பு தெரியும். மஞ்சளாகப் பெட்டியில் வருகிற உப்பு வெண்ணெயைக் குக்கீக்குப் போடாதீர்கள். வெண்ணெயைச் சுண்ட வைக்கும்போது உப்பும் சுண்டித் தூக்கலாகிவிடும்.

நாட்டுச்சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி. பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு எங்கள் பக்கத்து மேய்ச்சல் கொரங்காடெல்லாம் கரும்பும் மஞ்சளும் நெல்லுமாக மாறியது என்று அப்புச்சி சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச்சர்க்கரை மூட்டை மூட்டையாக ஏலம் போகும். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். சின்ன வயதில் கரும்பாலைக் கொட்டாய்க்குப் போயிருக்கிறேன். பெரிய கொப்பரையில் சாறு பொங்கும், அழுக்கு நுரையை எடுத்து எடுத்து ஊற்றுவார்கள், பதம் வந்ததும் சாய்த்து, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்குவார்கள். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பளபளவென்று வெளிர் மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள். நிறம் வெளுக்க மருந்து போட்டிருக்க வாய்ப்பு உண்டு. பழுப்பாக, கையில் எடுத்தால் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருப்பதே நல்லது. அந்தப் பிசுபிசுப்பில்தான் கரும்புச்சாற்றின் பாகு மிச்சம் இருக்கிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குக்கீயின் நடுப்பகுதி நெகிழ்வாக நிற்பதற்கு அந்த ஈரம் வேண்டும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் போட்டால் முழுக்க மொறுமொறுப்பாகிவிடும்.

சாக்லேட்டுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கிறார்கள். தென்னை நிழல் கொக்கோவுக்கு ஒத்துப்போகும். சொந்தக்காரர் தோப்பில் ஒரு காயை வெட்டிக் காட்டினார்கள். உள்ளே சீதாப்பழச் சதை மாதிரி வெள்ளையாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கிறது, சாக்லேட் வாசமே இல்லை. அந்தச் சதையோடு விதையை ஐந்தாறு நாள் பெட்டியில் மூடிப் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்த பிறகுதான் சாக்லேட் வாசம் பிறக்கிறது. நம் பக்கத்து விதையிலேயே இப்போது நல்ல சாக்லேட் செய்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம், என் முதல் குக்கீ கெட்டுப்போனது சாக்லேட்டால்தான். கேக் சாமான் விற்கிற ஒரு கடையில் "குக்கிங் சாக்லேட்" என்று கேட்டு ஒரு பாளம் வாங்கி வந்தேன். சுட்டெடுத்துத் தின்றால் வாயின் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. அட்டையைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். கொக்கோ வெண்ணெய் இல்லை, அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு. காம்பவுண்ட் சாக்லேட் என்கிறார்கள் அதை. கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது. மற்றது அப்படி உருகுவதில்லை. அன்றைக்குச் சுட்ட அத்தனையும் வீண். வெண்ணெய் வீணானதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது தடவை வேறு தப்பு. எல்லாம் சரியாகப் போட்டேன், ஆனால் கலந்த கையோடு சுட்டேன். உருக்கிய வெண்ணெயின் சூடு மாவில் இருந்ததால், உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் பத்து உருண்டையும் பரவி ஒரே தகடாகிவிட்டன. ருசி இருந்தது, உருவம் இல்லை. கஃபே தம்பியிடம் போய்க் கேட்டேன். "ஒரு நாள் ஃபிரிட்ஜுல தூங்க வெச்சுருங்கக்கா" என்றான்.

மாவைத் தூங்க வைப்பது நமக்குப் புதிதா என்ன? இட்லி மாவை ராத்திரி முழுக்க வைக்கிறோம். பரோட்டா மாவை எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடுகிறோம். குக்கீ மாவு புளிப்பதில்லை, ஆனால் மைதா முட்டையின் ஈரத்தை நிதானமாகக் குடிக்கிறது, கொழுப்பு இறுகுகிறது, சர்க்கரை கரைகிறது. ஒரே மாவில் பாதியை இரண்டு மணி நேரத்திலும், பாதியை மறுநாளும் சுட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். மறுநாள் சுட்டது நிறம் ஏறி, பரவாமல், கனமாக நின்றது. வாசத்தில் இருந்த வித்தியாசத்தை மகளே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

வெண்ணெயைச் சிவக்க வைப்பதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உயிர் இருக்கிறது. 150 கிராம் வெண்ணெயை அகலமான வெளிர் நிறச் சட்டியில் போடுங்கள். கறுப்புச் சட்டி வேண்டாம், நிறம் தெரியாது. நடுத்தரத் தீ. சடசட சத்தம் இருக்கும் வரை பயமில்லை. தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. சத்தம் அடங்கியது என்றால் தண்ணீர் தீர்ந்தது, இனிமேல் சூடு ஏறும். இங்கிருந்து சட்டியை விட்டு நகரக் கூடாது, கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளைத் துகள்கள் முதலில் பொன்னிறமாகும், பிறகு வறுத்த தனியாவின் நிறத்துக்கு வரும். அப்போது நிறுத்தி, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டில் கருகும். இந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்று 1912-ல் மையார் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதியிருக்கிறார். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேரும்போது நடக்கிற மாற்றம். வெங்காயம் வதங்குவதிலும் தோசை முறுகுவதிலும் கடலை வறுபடுவதிலும் இதுதான் நடக்கிறது. அம்மிச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது, சத்தம் அடங்குகிற நொடி தெரியும்.

சுண்டிய பிறகு சுமார் 120 கிராம் நிற்கும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், சலித்த நாட்டுச்சர்க்கரை 120 கிராம், வெள்ளைச் சர்க்கரை 60 கிராம் போட்டுக் கலக்குங்கள். ஒரு முழு முட்டையும், இன்னொரு முட்டையின் மஞ்சள் கருவும் சேர்த்து இரண்டு நிமிடம் நன்றாக அடியுங்கள், கலவை வெளிறிப் பளபளப்பாகும். நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது முட்டைக்குப் பஞ்சமில்லை. 200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சோடா உப்பு, அரை டீஸ்பூன் தூள் உப்பு இவற்றைச் சேர்த்துச் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரைக்கும் மட்டும் கிளறுங்கள். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தால் ரப்பராகிவிடும். கடைசியில் 180 கிராம் கறுப்புச் சாக்லேட்டைக் கத்தியால் கொத்திப் போடுங்கள். ஒரே அளவாக வேண்டாம். தூளும் துண்டுமாக இருந்தால் தூள் மாவோடு கலக்கும், துண்டு உருகிக் குளமாக நிற்கும்.

சாக்லேட்டைக் கொத்திக் குக்கீயில் போடும் பழக்கம் அமெரிக்காவில் 1930-களில் வந்தது. மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் என்ற பெண் செய்தது. உணவக அடுக்களையில் பிறந்து உலகத்து வீடுகளுக்கெல்லாம் போன பண்டம். கஃபேக்களில் இப்போது பார்க்கிற இந்தக் கனமான வகைக்கு நியூயார்க்கில் லெவெய்ன் என்ற பேக்கரி பேர் போனது. 1995-ல் தொடங்கியது, அங்கே ஒரு குக்கீ 170 கிராம் அளவுக்கு இருக்கும். அவ்வளவு பெரிது நமக்கு வேண்டாம். நான் 70 கிராம் உருண்டைதான் பிடிக்கிறேன், பத்து வரும். லட்டு மாதிரி மழுமழுவென்று உருட்டாமல், சொரசொரப்பாக, கொஞ்சம் உயரமாக விடுங்கள்.

மூடி வைத்து 24 மணி நேரம் ஃபிரிட்ஜில். மறுநாள் ஓடிஜி என்கிற மின்சார அடுப்பை 175 டிகிரியில் கால் மணி நேரமாவது சூடாக்குங்கள். உள்ளே வைக்கிற ஒரு சின்ன வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள், அதிகச் செலவில்லை. என் அடுப்பின் குமிழ் 175-ல் நின்றபோது உள்ளே 200 இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரை ஏன் அடி தீய்கிறது என்று தெரியாமல் மைதாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் ஐந்துதான். 12 நிமிடம், அதிகம் போனால் 13. ஓரம் சிவந்து, நடு இன்னும் வேகாதது மாதிரி தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். காளான் வண்டிக்காரர் எடுக்கிற அதே அவசரம். தட்டிலேயே பத்து நிமிடம் இருக்கட்டும், அந்தச் சூட்டில் நடு வெந்துவிடும். எடுத்த கையோடு மேலே நாலு பரல் கல்லுப்பை நொறுக்கித் தூவுங்கள்.

பேக்கரி நெய் பிஸ்கட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஒருநாள் சோதனைக்காக, சிவக்கவைத்த வெண்ணெய்க்குப் பதில் வடித்த நெய்யைப் போட்டு, முட்டையும் இல்லாமல் செய்து பார்த்தேன். பொலபொலவென்று பொடிந்தது. நெய்யில் துளித் தண்ணீர்கூட இல்லை, முட்டையின் ஈரமும் இல்லை, அதனால் மாவு இழுவையே பிடிக்காமல் மணலாக உதிர்கிறது. வாயில் வைத்ததும் நேராக ஆறாம் வகுப்பில் டீக்கடை மேடையில் அப்பாவோடு நின்று தின்ற பிஸ்கட் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கசடோடும் ஈரத்தோடும் இருந்தால் அது, வடித்துவிட்டால் இது. அத்தைக்குக் கார்த்திகை நோன்பு நாட்களில் இப்போது இந்த இரண்டாவதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு நல்ல குக்கீ வந்தது. அதில் நாலை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கோபிக்குப் போனேன். அம்மிச்சிக்கு இப்போது 84 வயது. எருமைகள் போய் ரொம்ப வருடமாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்ததும் தின்பதற்கு முன்னாலேயே முகர்ந்து பார்த்தாள்.

"நெய்யி காச்சுனியா கண்ணு?"

"வெண்ணெய் அம்மிச்சி. கசடோட போட்டிருக்கறேன்."

ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். பல் கொஞ்சந்தான் இருக்கிறது. சாக்லேட் துண்டு வந்ததும் முகம் சுளித்தது. அதை எடுத்து டப்பா மூடியில் வைத்துவிட்டாள். அடுத்த துண்டிலும் சாக்லேட்டைத் தோண்டி எடுத்துவிட்டு மாவை மட்டும் தின்றாள். முழுக் குக்கீயையும் அப்படியே தின்று முடித்தாள்.

"மாவு நல்லாருக்குது. இந்தக் கசப்ப எதுக்குச் சாமீ போடற? கடலக்காய வறுத்துப் போடு."

எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் காட்டில் விளைந்த கடலைக்காய் சாக்குப்பையில் சாய்ந்து கிடந்தது. அம்மிச்சி சொல்லச் சொல்ல, இரண்டு படி உரித்து எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கோபி தாண்டி வாய்க்கால் பாலத்தில் வண்டி நின்றது. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடம் இருக்கும், மடியில் கடலைப் பையை வைத்துக்கொண்டு அளவைக் கணக்குப் போட்டேன். சாக்லேட்டின் கொழுப்பு இல்லாததால் வெண்ணெய் பத்து கிராம் கூட்ட வேண்டும். கடலையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, பாதியாக உடைத்து 150 கிராம். உப்பு ஒரு சிட்டிகை அதிகம்.

அந்த மாவு நேற்று ராத்திரி கலந்தது. ஃபிரிட்ஜில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அடுப்பைச் சூடேற்ற வேண்டும். நாளைக் காலை தம்பி கோபிக்குப் போகிறான், ஆறு உருண்டை அவனோடு போகிறது. இரண்டு கஃபே தம்பிக்கு.